அஞ்சு கார்ல ஒரு குடும்பம்: சேர்ந்து போகணும்னா ஒட்டிக்கிட்டுப் போகணுமா?

சனிக்கிழமை அதிகாலை நாலரை மணி. பெருங்களத்தூரில் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் அஞ்சு கார்கள் வரிசையாக நிற்கின்றன. மணப்பாறை பக்கம் குலதெய்வக் கோயிலில் குட்டிப் பெண்ணுக்குக் காதுகுத்து. மதியம் 12 மணிக்குள் முடிக்க வேண்டும். தாத்தா, பாட்டி, பெரியப்பா, சித்தப்பா, அத்தை, தாய்மாமன் என்று மொத்தம் 22 பேர். ஒரு காரில் சாப்பாட்டுப் பாத்திரம், இன்னொரு காரில் பூஜைச் சாமான், எல்லா காரிலும் தூங்கி வழியும் பிள்ளைகள்.

"எல்லாரும் என் பின்னாடியே வந்துடுங்க" என்றார் பெரியப்பா. அன்றைய பயணத்துக்கு இருந்த திட்டம் அவ்வளவுதான்.

திண்டிவனம் வரை பிரச்னை இல்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் ஆளுக்கொரு வரிசையில் நுழைந்தார்கள். ஒரு காரின் ஃபாஸ்டேகில் பணம் இல்லை. அங்கே அஞ்சு நிமிஷம் போனது. வெளியே வந்த தாய்மாமன் கண்ணுக்கு, தூரத்தில் பெரியப்பாவின் வெள்ளை எர்டிகா தெரிந்தது. விரட்டிப் பிடித்து, பின்னாலேயே விடாமல் போனார். உளுந்தூர்பேட்டையில் அந்த எர்டிகா சேலம் சாலையில் திரும்பியது. இவரும் திரும்பினார். எலவனாசூர்கோட்டைக்குக் கிட்டே அந்த வண்டி ஒரு டீக்கடையில் நின்று, முன்பின் தெரியாத நாலு பேர் அதிலிருந்து இறங்கியபோதுதான் விஷயம் புரிந்தது.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமனே சேலம் ரோட்டில்!

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அந்தக் குடும்பம் இன்றும் சிரிக்கிறது. ஆனால், வழி தவறியதில் ஆபத்து எதுவும் இல்லை. நஷ்டம் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். நிஜமான ஆபத்து, செய்தி கேட்டதும் மற்ற நாலு கார்களும் செய்த காரியத்தில் இருந்தது. போன் வந்த நொடியில் பெரியப்பா நெடுஞ்சாலை ஓரமாகவே காரை நிறுத்தினார். பின்னால் வந்த இரண்டு கார்களும் அவரை ஒட்டி நின்றன. சற்று முன்னால் போய்விட்ட சித்தப்பா, நாலு பக்க இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு ரிவர்ஸில் வந்தார். இந்த அமளியில் பிள்ளைகள் இரண்டு பேர் ரோட்டுப் பக்கக் கதவைத் திறந்து இறங்கியே விட்டார்கள். காதைக் கிழிக்கும் ஹார்னோடு ஒரு லாரி ஒதுங்கிப் போனது. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சென்னையிலிருந்து திருச்சி போகும் சாலையில் வழி பிரியும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. திண்டிவனத்தில் புதுச்சேரி பிரியும், விக்கிரவாண்டியில் கும்பகோணம் பிரியும், உளுந்தூர்பேட்டையில் சேலம் பிரியும், திருச்சிக்குப் போனால் மதுரைக்கு ஒரு பக்கம், திண்டுக்கல்லுக்கு ஒரு பக்கம். 'முன்னாடி போற காரைப் பார்த்துப் போனால் போதும்' என்று நினைக்கும் டிரைவர், இத்தனை இடத்திலும் போர்டைப் பார்க்க மாட்டார். அவர் பார்ப்பது ஒரு காரின் பின்பக்கத்தை மட்டும்.

பின்னாடியே போவதில் என்ன சிக்கல்?

அஞ்சு கார் சேர்ந்து போகும்போது எல்லோருக்கும் ஒரு பயம் ஒட்டிக்கொள்கிறது. நடுவில் வேறு வண்டி புகுந்துவிடுமோ, நாம் தனியாகிவிடுவோமோ என்ற பயம். அதனால் இடைவெளி குறைகிறது. 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 22 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி முழுசாக நிற்பதற்கு, காய்ந்த ரோட்டிலேயே ஏறக்குறைய 70 மீட்டர் தேவைப்படும். மழை என்றால் இன்னும் அதிகம். ஆனால், குடும்பமாகப் போகும் கார்களுக்கு நடுவே பல நேரம் 15 மீட்டர்கூட இருப்பதில்லை. முதல் கார் ஒரு மாட்டுக்காகப் பிரேக் அடித்தால், மோதப்போவது யாரோ ஒருவரின் வண்டி இல்லை, சொந்தத் தம்பியின் வண்டி.

குறைந்தது மூன்று நொடி இடைவெளி வேண்டும். அளப்பது சுலபம். முன்னால் போகும் கார் ஒரு மைல்கல்லையோ போர்டையோ தாண்டும்போது எண்ண ஆரம்பியுங்கள். வெறுமனே ஒண்ணு, ரெண்டு, மூணு என்றால் ஒன்றரை நொடியில் முடிந்துவிடும். 'முருகா ஒண்ணு, முருகா ரெண்டு, முருகா மூணு' என்று சொல்லிப் பாருங்கள். அதற்குள் உங்கள் கார் அந்தக் கல்லைத் தாண்டிவிட்டால், ரொம்ப நெருக்கமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். 80 கி.மீ. வேகத்தில் மூன்று நொடி என்பது 66 மீட்டர் சொச்சம். அஞ்சு கார் இப்படிப் போனால், முதல் காருக்கும் கடைசி காருக்கும் இடையே கால் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நடுவில் நாலு வண்டி புகத்தான் செய்யும். புகட்டும். ரோடு எல்லோருக்கும் பொது.

இதைவிடப் பெரிய வில்லன், இருவழிச் சாலையில் ஓவர்டேக். 50 கி.மீ. வேகத்தில் ஒரு பஸ் போகிறது. நீங்கள் 70-ல் போய் அதை முந்த வேண்டும். முழுசாக முந்தி உங்கள் பக்கத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 9 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் 175 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே அதே வேகத்தில் வரும் வண்டியும் 175 மீட்டர் வந்திருக்கும். ஆக, ஒரே ஒரு கார் முந்துவதற்கே 350 மீட்டருக்கு ரோடு காலியாகத் தெரிய வேண்டும். முதல் டிரைவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார். இரண்டாவது டிரைவர் பார்ப்பது, 'அண்ணன் போயிட்டாரு' என்பதை மட்டும். மூன்றாவது ஆளுக்கு அதுவும் இல்லை. அண்ணனுக்குக் காலியாக இருந்த ரோடு, பத்து நொடி கழித்துப் போகும் தம்பிக்குக் காலியாக இருக்காது.

சிலர் ஒரு படி மேலே போய், முந்திய பிறகு வலது கையை ஆட்டி, "வா வா" என்று பின்னால் வருபவரைக் கூப்பிடுவார்கள். அன்பில் செய்வதுதான். ஆனால், அந்தக் கையை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு போகக் கூடாது. முந்தலாமா, வேண்டாமா என்பதை அந்த ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாம் கவனிக்காத இன்னொரு ஆளும் இருக்கிறார். நெடுஞ்சாலையின் மையத் தடுப்பில் இருக்கும் திறப்பில், டி.வி.எஸ். எக்ஸெல்லில் புல்லுக்கட்டோடு ரோட்டைக் கடக்கக் காத்திருப்பவர். ஒரு கார் போனதும் அவர் வண்டியை நகர்த்துவார். பின்னால் வரும் நாலு காரும் அதே குடும்பம், விடாமல் தொடர்ந்து வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கிளம்பும் முன் பத்து நிமிஷம்

காதுகுத்து நல்லபடியாக நடந்தது. கொஞ்சம் தாமதம்தான், ஆனால் தாய்மாமன் மடியில்தான். கறி விருந்து முடிந்ததும் ஸ்டீயரிங்கைப் பிடித்தால் திருச்சி தாண்டுவதற்குள் கண் சொருகும் என்று, அன்று இரவு அங்கேயே தங்கினார்கள். மறுநாள் காலை, காரில் ஏறும் முன் பத்து நிமிஷம் நின்று பேசினார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் மாறியதுதான் எல்லாமே.

முதலில், வரிசை. போகும்போது எல்லோருக்கும் கடைசியில் வந்தது அத்தை மகன். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம். முன்னால் போகிறவர்களைப் பிடிக்க அதிக வேகம் போக வேண்டியிருப்பது எப்போதும் கடைசி காருக்குத்தான். முதல் கார் 80-ல் போனால், ஒவ்வொரு லாரியிலும் ஸ்பீடு பிரேக்கரிலும் மாட்டி, கடைசி கார் 100-ல் விரட்ட வேண்டிவரும். அந்த இடத்தில் புது டிரைவரை வைத்தது தப்பு. திரும்பும்போது அவர் இரண்டாவது இடத்துக்கு வந்தார். முதல் கார் அவர் வேகத்துக்குத் தகுந்தபடி போனது. கடைசி இடம் சித்தப்பாவுக்கு. இருபது வருஷமாக ஓட்டுகிறவர், பஞ்சர் என்றால் ஸ்டெப்னி மாற்றத் தெரிந்தவர், முக்கியமாக, யார் முந்தினாலும் கோபம் வராதவர்.

அடுத்து, சேரும் இடங்கள். ரோட்டில் ஒட்டிக்கொண்டு போக வேண்டாம், குறித்த இடங்களில் சேர்ந்தால் போதும் என்று முடிவானது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம். அதுவும் பார்க்கிங், கழிப்பறை இரண்டும் உள்ள ஓட்டல் அல்லது பெட்ரோல் பங்க். டோல்கேட்டைத் தாண்டிய இடத்தில் காத்திருப்பது கூடவே கூடாது. எல்லா வண்டியும் வேகம் எடுத்து, ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாறும் இடம் அது. கடைசி கார் வந்து சேரும் வரை யாரும் அடுத்த நிறுத்தத்துக்குக் கிளம்பக் கூடாது. காபி குடித்து முடித்தவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்தான். வரட்டும்.

ஊருக்குள்ளும் கிளைச் சாலைகளிலும் மட்டும் வேறு ஒரு வழக்கம். நேராகப் போகும்வரை பின்னால் யார் வருகிறார் என்று தேட வேண்டாம். திரும்ப வேண்டிய இடம் வந்தால், பின்னால் வரும் நம் கார் கண்ணாடியில் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரியவில்லை என்றால், திரும்பிய பிறகு பத்திரமான இடத்தில் ஒதுங்கி நிற்பது. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வரும் ஒரே ஒரு காருக்கு மட்டும் பொறுப்பு. சிக்னலில் மூன்று கார் போய் நாலாவது மாட்டிக்கொண்டால், அது நின்று, பச்சை விழுந்து வரட்டும். சிவப்பில் தாண்டி வர வேண்டிய அவசரம் எந்தக் காதுகுத்துக்கும் இல்லை.

போன் எல்லாம் பக்கத்து சீட்டில் இருப்பவர் கைக்குப் போனது. வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை எட்டு மணி நேரத்துக்குப் பகிரும் வசதி இருக்கிறது. அஞ்சு காரிலும் ஒருவர் அதைப் போட்டுவிட்டால், 'எங்க இருக்கீங்க?' என்று ஓட்டுகிறவருக்குப் போன் போகாது. சிக்னல் இல்லாத இடத்துக்காக, எல்லா டிரைவர்களின் எண்ணையும் வண்டி எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு காரிலும் வைத்தார்கள். வெள்ளை எர்டிகா விவகாரத்துக்குப் பிறகு, வண்டி எண் இல்லாமல் எந்தக் காரையும் நம்ப யாரும் தயாராக இல்லை.

கடைசியாக, பைகள். போகும்போது பாட்டி முதல் காரில், அவருடைய சர்க்கரை மாத்திரை நாலாவது காரில். கைக்குழந்தை இரண்டாவதில், பால் பவுடர் அஞ்சாவதில். இட்லிப் பாத்திரம் மொத்தமும் தாய்மாமனோடு சேலம் ரோட்டில். சர்க்கரை நோயாளிக்குச் சாப்பாடு தள்ளிப்போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. யார் எந்தக் காரில் போகிறாரோ அவருடைய மாத்திரை, தண்ணீர், ஒரு வேளைச் சாப்பாடு அதே காரில். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பிள்ளைகள் எல்லோரும் ஒரே காரில்தான் போவேன் என்று அடம்பிடிப்பார்கள். அங்கே கண்டிப்பாக இருக்க வேண்டும். ஒரு காரில் எத்தனை சீட் பெல்ட் இருக்கிறதோ அத்தனை பேர்தான். பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம். 14 வயதுக்கு உட்பட்டவர்களை பெல்ட் அல்லது குழந்தை இருக்கை இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சன் ரூஃபில் குழந்தையை நிறுத்தி வீடியோ எடுப்பவர்கள் நினைக்க வேண்டியது அபராதத்தை அல்ல, ஒரு திடீர் பிரேக்கை.

மலையும் காடும் வேறு கணக்கு

கோடை விடுமுறையில் இதே அஞ்சு கார் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும். 2024 மே முதல் இந்த இரண்டு இடங்களுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டும். பாஸ் ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி. நாலு காருக்கு எடுத்துவிட்டு ஒன்றை மறந்தால், சோதனைச்சாவடியில் மொத்தக் குடும்பமும் நிற்கும்.

மலையில் சரிவான குறுகிய ரோட்டில், ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும். அஞ்சு கார் சேர்ந்து இறங்கும்போது, முதல் கார் ஒதுங்கி நின்றாலும் பின்னால் வருபவர்கள் ஒட்டி வந்தால் ஏறும் பஸ்ஸுக்குத் திரும்ப இடமே இருக்காது. ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் முன்னால் இருக்கும் கார் நின்று கிளம்பினால் கொஞ்சம் பின்னால் உருளலாம். அதற்கு இடம் விட்டு, அது வளைவைத் தாண்டிய பிறகு நீங்கள் நுழைவது நல்லது. இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். முன்னால் போகும் காரைப் பார்த்துப் பார்த்து பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறிக் கருகும் வாடை வரும். வாடை வந்தால் நிறுத்தி ஆற விட வேண்டும். 'கீழே போய்ப் பார்த்துக்கலாம்' என்பது அங்கே செல்லாது.

திம்பம் மலைப்பாதை போன்ற காட்டு வழிகளில் இரவு வாகனத் தடை இருக்கிறது. பந்திப்பூர் வழியாக மைசூருக்குப் போகும் பாதையிலும் இரவு 9 முதல் காலை 6 வரை போக முடியாது. பிரிந்து வரும் கார்களில் கடைசி கார் எட்டேமுக்காலுக்குச் சோதனைச்சாவடியை எட்டுமா என்பதைப் பார்த்துத்தான் கிளம்பும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். காட்டுக்குள் எங்கேயும் காத்திருக்க வேண்டாம். யானையைப் பார்த்து ஒரு கார் நின்றால், பின்னால் நாலு கார் நின்று, பின்வாங்க வழியில்லாமல் போய்விடும்.

கார் குரூப்களுக்கும் ஒரு வார்த்தை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈ.சி.ஆர். பக்கம் போனால், ஒரே மாடல் கார் இருபது, முப்பது வரிசையாக மாமல்லபுரம் நோக்கிப் போவதைப் பார்க்கலாம். நல்ல பொழுதுபோக்கு. ஒழுங்காக நடத்தும் குரூப்களில் கிளம்பும் முன் விதிகளை வாசிப்பார்கள், அஞ்சாறு காராகப் பிரித்து இடைவெளி விட்டு அனுப்புவார்கள். முப்பது காரை ஒரே சங்கிலியாக இழுத்துக்கொண்டு போவதுதான் தொல்லை. அந்தச் சங்கிலியைத் தாண்ட முடியாமல் ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் தவித்தால் என்ன ஆகும்? வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம். ஜங்ஷனில் ஒருவர் இறங்கி மற்ற வண்டிகளை மறிப்பதற்கும் யாருக்கும் உரிமை கிடையாது. அது போலீஸ் வேலை. பொது ரோட்டில் ரேஸ் விடுவதும் சட்டப்படி குற்றம்தான், ரீல்ஸுக்காக என்றாலும்.

கல்யாண ஊர்வலம் முதல் கார் குரூப் வரை எல்லோரும் செய்யும் ஒரு தப்பு, ஓடும்போதே நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போவது. 'நாங்க எல்லாம் ஒண்ணு' என்று காட்டுவதற்காக. ஆனால், பின்னால் வருபவருக்கு நீங்கள் ஓடுகிறீர்களா, பழுதாகி நிற்கிறீர்களா என்று தெரியாது. நீங்கள் வலது பக்கம் திரும்பினாலும் தெரியாது.

ஒரு கார் நின்றுவிட்டால்?

பஞ்சரோ இன்ஜின் பிரச்னையோ, நிற்கும் காரோடு கடைசி கார் மட்டும் நிற்க வேண்டும். மற்றவை அடுத்த பத்திரமான இடத்துக்குப் போய்க் காத்திருக்கலாம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்கும் கார்கள் கூடக் கூட ஆபத்தும் கூடும். நின்ற காரில் இருப்பவர்கள் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, ரோட்டை விட்டு விலகி நிற்க வேண்டும், காருக்குள்ளேயோ காருக்குப் பின்னாலேயோ அல்ல. எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டராவது பின்னால் வைக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. ஆம்புலன்ஸுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைக்காக, 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. இந்த எண்களும் அந்த எண் எழுதிய தாளில் இருப்பது நல்லது.

மணப்பாறையிலிருந்து திரும்பிய அந்த அஞ்சு கார்களில், வழி நெடுக ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது மூன்றே இடங்களில்தான். பெரம்பலூர் தாண்டி ஒரு ஓட்டலில், விழுப்புரம் அருகே ஒரு பெட்ரோல் பங்கில், கடைசியாக மதுராந்தகத்தில். அங்கேயே எல்லோரும் கை காட்டிப் பிரிந்துவிட்டார்கள். உளுந்தூர்பேட்டையைத் தாண்டும்போது மட்டும் தாய்மாமனுக்கு நாலு காரிலிருந்தும் போன் வந்தது. எடுத்தவர் பக்கத்தில் இருந்த அவர் மனைவி.

சாயங்காலம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'வீடு வந்தாச்சு' என்று ஒவ்வொன்றாக அஞ்சு செய்தி விழுந்தது. ஆறாவதாக அத்தை கேட்டிருந்தார்: "என் டிபன் கேரியர் யார் வண்டியில இருக்கு?"